செல்லூர் அட்டைப் பட்டறை: வேலை சுத்தம், கோர்ப்பில் கவனம் வேண்டும்

கைத்தறிக்கு ஜக்கார்டு அட்டை (பூ விழ எந்த இழையைத் தூக்க வேண்டும் என்பதைத் துளைகளால் தறிக்குச் சொல்லும் அட்டை) குத்தித் தரும் சின்னப் பட்டறை. கிராப் தாளில் கட்டம் நிரப்பிக் கொண்டுபோனால் போதும். கணக்கை முன்பே போட்டுக்கொள்ளுங்கள்: 240 கொக்கிப் பெட்டியில் (பாவு இழைகளைத் தூக்கும் கொக்கிகள் உள்ள ஜக்கார்டு பெட்டி) கொக்கிக்கு ஓர் இழை, அங்குலத்துக்கு 80 இழை என்றால் கரை 3 அங்குலம்தான் வரும். ஊடைக்கு (குறுக்கு இழைக்கு) ஓர் அட்டை; அங்குலத்துக்கு 60 ஊடை வீதம் 3 அங்குலப் பூவுக்கு 180 அட்டை.

துளைகள் பிசிறில்லாமல் விழுகின்றன. பிசிறு இருந்தால் துளைக்குள் போக வேண்டிய ஊசி தட்டும், தூக்க வேண்டிய இழை தூக்காது, பூவில் புள்ளி விழும். அட்டையும் நல்ல தடிமன். ஆனாலும் ஐப்பசி மழையில் ஈரம் ஏறி உப்பிவிடும், தரையில் வைக்காதீர்கள்.

குறை, அட்டைகளை வரிசையாகக் கயிற்றால் கட்டும் கோர்ப்பில். கயிறு ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் தளர்வு. அப்படியிருந்தால் அட்டை, அதைத் திருப்பும் உருளையின் முளையில் சரியாக உட்காராது, துளை விலகிப் பூ மொத்தமும் குலையும். வாங்கும்போதே விரித்துப் பார்த்து, வரிசை எண்ணையும் சரிபாருங்கள். ஓர் அட்டை இடம் மாறினாலும் அந்தக் கோடு பூவுக்குப் பூ திரும்பத் திரும்ப வரும்.

பூவுக்கான இழைகளைத் தூக்கும் அடைக்கயிற்றைக் கையால் இழுக்க ஆள் வைத்து நெய்த காலத்தில் இந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை இருந்தது. கிழிந்த அட்டைக்குத் தனி அட்டை குத்தித் தருகிறார்கள், அதற்காகவே போகலாம்.