போர்டு போய்விட்டது என்றால் உடனே பணத்தை எடுக்காதீர்கள்

மோட்டார் வைத்த தொலைநோக்கி வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கோவையில் ஒரு கடையில் 58,000 ரூபாய் கொடுத்து, 130 மில்லிமீட்டர் குழியாடி கொண்ட ஒன்றை வாங்கினேன். பெயரைத் தேர்ந்தெடுத்தால் அந்த விண்மீனை நோக்கித் தானே திரும்பி, வானம் நகர நகரப் பின்தொடரும் வகை. "500 மடங்கு பெரிதாகத் தெரியும் சார்" என்றார் கடைக்காரர். அந்த அளவு ஆடியில் 260 மடங்கைத் தாண்டினால் படம் கலங்கித்தான் தெரியும். அது தெரிந்தும் சிரித்துவிட்டுப் பணத்தைக் கட்டினேன். முதல் தவறு என்னுடையது.

வீட்டுக்கு வந்து பொருத்தித் தர 2,500 ரூபாய் தனி. மார்ச் 5 அன்று மாலை ஆள் வந்து பெட்டியைப் பிரித்தார். ஒட்டுநாடாவின் மேல் இன்னொரு ஒட்டுநாடா. ஐபீஸில் (கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லையில்) விரல்ரேகை. இயக்கியதும், கட்டளை கொடுக்கும் ரிமோட் போன்ற கைக்கருவியின் திரையில் ஊர் ஹைதராபாத் என்று வந்தது. கேட்டால், "தொழிற்சாலையில் சோதித்திருப்பார்கள்" என்றார். பெட்டியில் அச்சிட்டிருந்ததோ சீனத் தயாரிப்பு என்று!

ஊரை மாற்றினார், நேரத்தையும் தேதியையும் அடித்தார். விண்மீன்களைக் காட்டிச் சரிபார்க்கும் படியைத் தாண்டிவிட்டு, "இதுவே போதும்" என்றார். சிரியஸ் என்ற விண்மீனைத் தேர்ந்தெடுத்தோம். மணி எட்டு, சிரியஸ் தெற்கே நல்ல உயரத்தில் எரிந்துகொண்டிருந்தது. குழாயோ தென்மேற்கே தாழ்ந்து, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நின்றது. வேகமாகத் திருப்பும் பொத்தானை அழுத்தினால் திரை அணைந்து, மறுபடி முதலிலிருந்து எல்லாம் கேட்டது. அரை மணி நேரம் திருகிப் பார்த்துவிட்டு, "போர்டு போய்விட்டது. 11,000 ஆகும். மின்கோளாறுக்கு உத்தரவாதம் கிடையாது" என்று மதிப்பீட்டுச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நல்லவேளையாக மறுநாள் அக்காள் மகன் வந்தான். அடாப்டரைக் கையில் எடுத்ததுமே சிரித்தான். "மாமா, இது வைஃபை ரூட்டருக்கு வருவது. 12 வோல்ட் சரிதான், ஆனால் அரை ஆம்பியர்தான் தரும்." கையேட்டில் 2 ஆம்பியர் வேண்டும் என்றிருந்தது. மெதுவாகத் திரும்பும்போது எப்படியோ தாக்குப்பிடிக்கிறது; இரண்டு மோட்டார்களும் வேகமெடுத்தால் மின்னழுத்தம் சரிந்து, கைக்கருவி செத்துப் பிழைக்கிறது. 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்றை வாங்கி, நடுமுனை நேர்மின்முனைதானா என்று மீட்டரில் பார்த்துவிட்டுச் செருகினோம். (அது மாறினால் போர்டு உண்மையிலேயே போய்விடும்.) அதன்பின் திரை ஒருமுறைகூட அணையவில்லை.

தேதி விஷயம் எனக்குப் பிடிபட்டது. இந்தக் கைக்கருவி மாதத்தைத்தான் முதலில் கேட்கிறது. அவர் நம் வழக்கப்படி 05, 03 என்று அடித்திருக்கிறார். கருவி அதை மே 3 என்று எடுத்துக்கொண்டது. 59 நாள் வித்தியாசம். விண்மீன்கள் நாள்தோறும் ஏறக்குறைய 4 நிமிடம் முன்னதாக உதிக்கின்றன. ஆகவே அதன் கணக்கில் சிரியஸ் கிட்டத்தட்ட 4 மணி நேரம் முன்னே போய்விட்டது. மணிக்கு 15 பாகை வீதம், மேற்கே சுமார் 60 பாகை. பாவம், சொன்னதைத்தான் செய்திருக்கிறது. தேதியைத் திருத்தி, சிரியஸையும் கபெல்லாவையும் காட்டிச் சரிபார்த்த பிறகு வியாழனைக் கேட்டேன். நான்கு நிலாக்களோடு ஐபீஸின் நடுவில் வந்து நின்றது.

கடையில் போய்க் கேட்டதற்கு அடாப்டர் "மாறி வந்திருக்கும்" என்றார்கள். ஹைதராபாத் பற்றி வாயே திறக்கவில்லை. பில்லில் கருவியின் வரிசை எண்ணை எழுதாமல் விட்டது ஏன் என்று இப்போதுதான் விளங்குகிறது. நீங்கள் வாங்கினால் அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். பெட்டியைக் கடையிலேயே பிரித்து, இயக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். அந்த 11,000 ரூபாய் மதிப்பீட்டுச் சீட்டும் பத்திரமாக இருக்கிறது. அதில் தேதியை மட்டும் சரியாக எழுதியிருக்கிறார்.