புரூஃப் மேசையில் சாட்பாட்: நீண்ட நாள் புழங்கிய அனுபவம்

சிறு பதிப்பகங்களுக்குப் புரூஃப் பார்ப்பதும் கைப்பிரதிகளைச் செம்மைப்படுத்திக் கொடுப்பதும் என் தொழில். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்த காலத்தில் இந்த வகைக் கருவிகளின் தமிழ் என் வேலைக்கு ஒத்துவரவில்லை. இவை எழுத்து எழுத்தாகப் படிப்பதில்லை, வாசகத்தை டோக்கன் என்ற துண்டுகளாக நறுக்கித்தான் உள்ளே வாங்குகின்றன. தமிழ் அப்போது பொடிப்பொடியாக நறுக்கப்பட்டது. 2024 மே மாதம் சாட்ஜிபிடிக்குள் இயங்கும் ஜிபிடி-4ஓ என்ற புதிய மாடல் வந்தபோது, ஒரு மாதிரித் தமிழ் வாசகத்துக்கு முன்பு 116 டோக்கன் தேவைப்பட்டது, இப்போது 35 போதும் என்று அதைத் தயாரிக்கும் ஓப்பன்ஏஐ நிறுவனம் அறிவித்தது. அந்தச் சமயத்திலிருந்துதான் தினசரி வேலைக்கு இரண்டு மூன்று சாட்பாட்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன்.

எல்லாவற்றிலும் பொதுவாக எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். சரக்கை நாம் கையில் கொடுத்து, "இதை வைத்து இதைச் செய்" என்றால் நன்றாகச் செய்கின்றன. சரக்கையே நீ கொண்டுவா என்றால் கதை விடுகின்றன.

திருக்குறளை வைத்துச் சோதித்துப் பாருங்கள். 'கற்க கசடற' போன்று எல்லோர் வாயிலும் இருப்பதைச் சரியாகச் சொல்லிவிடும். சேமிப்பைப் பற்றி ஒரு குறள் வேண்டும் என்று கேட்டேன். "சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளே / பெருகிப் பெரும்பயன் தரும்" என்று கொடுத்து, குறள் 757 என்று எண்ணும் போட்டது. ஏழு சீர் இருக்கிறது, கடைசிச் சீர் 'மலர்' வாய்பாட்டில் முடிகிறது, மோனைகூட அமைந்திருக்கிறது. ஆனால் 'சிறுகச்' என்ற மாச்சீருக்குப் பின் 'சேர்த்த' என்று நேரசை வருகிறது, 'பெரும்பயன்' என்ற விளச்சீருக்குப் பின் 'தரும்' என்று நிரையசை வருகிறது. இரண்டு இடத்தில் தளை தட்டுகிற, அதாவது சீரோடு சீர் சேரும் விதி மீறப்படுகிற வெண்பாவை வள்ளுவர் தலையில் கட்ட முடியாது. உண்மையான 757 'அருளென்னும் அன்பீன் குழவி'. எனக்குத் தேவைப்பட்டதோ வலியறிதலில் வரும் 478: 'ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை / போகாறு அகலாக் கடை'. வரவு சிறிதானாலும் செலவு அகலாமல் இருந்தால் கெடுதல் இல்லை.

வழி தெரியாவிட்டாலும் "நேரா போய் லெஃப்ட்ல திரும்புங்க" என்று சொல்லியே தீரும் ஆசாமி மாதிரிதான் இது. உள்ளே 1330 குறளும் அட்டவணையாக அடுக்கி வைக்கப்படவில்லை. அடுத்து என்ன துண்டு வந்தால் பொருந்தும் என்று பார்த்துப் பார்த்துக் கோக்கிறது. ஆயிரக்கணக்கான இடங்களில் வந்த வரி அப்படியே விழுகிறது, அபூர்வமாக வந்தது குறள் சாயலில் விழுகிறது. இணையத்தில் தேடும் வசதியை முடுக்கிவிட்டால் நிலைமை பரவாயில்லை. அப்போதும் அது காட்டும் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவேன்.

"இது நிஜமா?" என்று அதனிடமே கேட்பதில் பயனில்லை. 2023ல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தில், ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் தாக்கல் செய்தார்கள். இந்த வழக்குகள் உண்மையா என்று அவர்களில் ஒருவர் அதையே கேட்டிருக்கிறார், உண்மைதான் என்று அதுவும் சொல்லியிருக்கிறது. 5,000 டாலர் அபராதத்தில் முடிந்தது.

இனி என் வேலைக்கு வருகிறேன். ஒற்றுப்பிழை பார்க்கக் கொடுத்தால் 'அதை செய்' என்பதை 'அதைச் செய்' ஆக்கும். அதே வேகத்தில் 'வந்த பையன்' என்பதை 'வந்தப் பையன்' ஆக்கிவிடும். பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகாதே என்றால் உடனே மன்னிப்பு. "இல்லையில்லை, மிகும்தானே?" என்று திருப்பிக் கேட்டால் அதற்கும் மன்னிப்பு, "நீங்கள் சொல்வதே சரி". இந்தத் தலையாட்டல் எல்லை மீறிப் போனதால் 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ ஒரு புதுப்பிப்பையே திரும்பப் பெற்றது. அதனால் என் கட்சி எது என்று காட்டாமல் கேட்கப் பழகிவிட்டேன். "எது சரி, எந்த விதிப்படி?" என்று கேட்டு, விதியை இலக்கண நூலில் பார்த்துக்கொள்கிறேன்.

இதைவிட ஆபத்து, கேட்காமலே செய்யும் திருத்தம். நெல்லை வட்டாரக் கதை ஒன்றில் "அவிய நேத்தே வந்துட்டாவ, நீ எங்கல போன?" என்று ஒருவர் பேசுகிறார். எழுத்துப்பிழை மட்டும் பார் என்று கொடுத்ததற்கு, "அவர்கள் நேற்றே வந்துவிட்டார்கள், நீ எங்கே போனாய்?" என்று திரும்பி வந்தது. எழுத்தாளர் பார்த்தால் அடிக்கவே வருவார். திருத்திய பிரதியை இப்போது நான் வாங்குவதே இல்லை. பழையது, புதியது, காரணம் என்று மூன்று நெடுவரிசை போட்டுப் பட்டியல் மட்டும் கேட்பேன், ஏற்பதும் தள்ளுவதும் என் கையில். ஒரு தடவைக்கு ஒரு அத்தியாயம்தான். முழு நாவலையும் கொட்டினால் நடுப்பகுதியை மேம்போக்காகத் தாண்டிவிடுகிறது.

ஒரே ஆளின் பெயர் ஒரு இடத்தில் 'சண்முகம்' என்றும் இன்னொரு இடத்தில் 'ஷண்முகம்' என்றும் வந்திருப்பதைக் கண்டுபிடிப்பது, பின்னட்டை வாசகத்துக்கு நாலைந்து மாதிரி தருவது, எக்செல் சூத்திரம் எழுதுவது, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போடுவது: இதிலெல்லாம் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. சரிபார்க்க ஆகும் நேரம் நானே செய்ய ஆகும் நேரத்தைவிடக் குறைவாக இருந்தால் கொடுக்கிறேன், கூடுதலானால் கொடுப்பதில்லை.

வெளிவராத கைப்பிரதி அடுத்தவர் சொத்து. எழுத்தாளர் சம்மதித்தால்தான் உள்ளே போடுவேன். அதற்கு முன், உரையாடல்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் அனுமதியை அதன் செட்டிங்ஸில் அணைத்துவிடுவேன். அரசு ஆவணங்களின் ரகசியம் கருதி இந்திய நிதி அமைச்சகமே 2025 ஜனவரியில், சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றை அலுவலகக் கணினிகளில் பயன்படுத்த வேண்டாம் என்று ஊழியர்களிடம் சொல்லிவிட்டது.

சந்தா கட்டலாமா என்று கேட்பவர்களுக்கு: கடிதமும் சூத்திரமும்தான் தேவை என்றால் இலவசக் கணக்கே தாராளம். தினமும் அத்தியாயம் அத்தியாயமாகக் கொடுக்கிறவர்கள் மட்டும் ஒரு மாதம் கட்டிப் பாருங்கள். எந்தச் சந்தா எடுத்தாலும் அந்த மூன்று நெடுவரிசைப் பட்டியலைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.