லக்சரில் ‘எல்லாம் சேர்த்துத்தான்’ என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்

எகிப்தில் லக்சர் போகத் திட்டமிட்டிருப்பவர்கள், யாரிடமாவது முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் ஏமாந்து வந்திருக்கிறேன்.

அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். நைலின் மேற்குக் கரையில் மன்னர்கள் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே பழங்கால எகிப்திய மன்னர் முதலாம் சேத்தியின் கல்லறையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 1817-இல் பெல்சோனி என்ற இத்தாலியர் கண்டுபிடித்தது. மன்னரை வைத்திருந்த அறையின் கூரையில் விண்மீன் கூட்டங்களை வரைந்திருப்பார்கள். அதை அவர் வகுப்பில் எத்தனையோ முறை விவரித்திருக்கிறார்.

ஓட்டலில் அறிமுகமான ஏஜென்டிடம் இதை விளக்கித்தான் பேசினேன். சேத்தி கல்லறை, இன்னொரு மன்னரான துட்டன்காமனின் கல்லறை எல்லாம் சேர்த்துத்தான் என்று சொல்லி முழுப் பணத்தையும் ரொக்கமாக வாங்கிக்கொண்டார். ரசீது கேட்காதது என் தப்பு.

ஏழு மணிக்கு வரவேண்டிய வண்டி ஒன்பதுக்கு வந்தது. ‘பத்து நிமிடம்’ என்று அலபாஸ்டர் (ஒளி ஊடுருவும் ஒருவகைக் கல்) சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் இறக்கினார்கள். வாசலில் நாலு பேர் தரையில் உட்கார்ந்து கல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே கடைக்காரர் ஜாடிக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். மஞ்சளாக அழகாக ஒளிர்ந்தது. டீ கொடுத்து, பேசிப் பேசி, ஒரு மணி நேரத்துக்கு மேல் எழுந்திருக்கவே விடவில்லை. கையால் செதுக்கியது என்று சொன்னதால் ஒன்று வாங்கினேன். அன்று ராத்திரி எடுத்துப் பார்த்தால், பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை அச்சில் வார்த்த கோடு!

பள்ளத்தாக்கில் எங்களை நிழலில் நிறுத்திவிட்டு கைடு மட்டும் கவுண்டருக்குப் போய் வந்தார். நாலாம், மூன்றாம், ஒன்பதாம் ராமேசஸ் கல்லறைகளைப் பார்த்தோம். ஒவ்வொரு வாசலிலும் டிக்கெட்டில் ஒரு ஓட்டை போட்டார்கள். ஓவியங்கள் அற்புதம், அதில் குறையே இல்லை. அப்புறம் சேத்தி கல்லறை வாசலுக்கு வந்தோம். காவலர் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, மூன்று ஓட்டைகளையும் விரலால் தொட்டுக் காட்டித் தலையாட்டினார். பொது டிக்கெட்டுக்கு மூன்று கல்லறைதான். சேத்திக்குத் தனி டிக்கெட், விலை இரண்டு மடங்குக்கு மேல். துட்டன்காமனுக்கும் தனி. இரண்டையும் நுழைவு கவுண்டரிலேயே வாங்கியிருக்க வேண்டும்.

நானே காசு கொடுத்து வாங்கி வருகிறேன் என்றேன். டிரைவர் காத்திருக்க மாட்டார், அடுத்துப் பார்க்கவேண்டிய அரசி ஹட்செப்சுட்டின் கோவிலுக்கு நேரமாகிவிட்டது என்று கைடு பிடிவாதமாக நின்றார். எங்கள் கண்ணெதிரே ஆட்கள் படியிறங்கிப் போகிறார்கள். “விடுப்பா, வெயில் ஏறுது” என்றார் அப்பா. அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. சாயங்காலமே கெய்ரோவுக்கு விமானம். பணத்தைத் திருப்பிக் கேட்டு ஏஜென்டுக்கு நாலு முறை வாட்ஸ்அப் அனுப்பினேன். படித்த அடையாளம் மட்டும் விழுகிறது.

உண்மையில் ஏஜென்டே தேவையில்லை. கிழக்குக் கரையிலிருந்து உள்ளூர்வாசிகள் போகும் படகில் ஏறினால், அக்கரைத் துறையில் டாக்சி கிடைக்கும். கடைக்குக் கூட்டிப்போகக் கூடாது என்று ஏறும்போதே பேசிவிடுங்கள். ஏஜென்டோடுதான் போவீர்கள் என்றால், கவுண்டர் வரை நீங்களும் கூடவே போங்கள். விலைப்பலகை அங்கேயே இருக்கிறது. சேத்தி டிக்கெட் கைக்கு வராமல் உள்ளே போகும் மின்வண்டியில் ஏறாதீர்கள். கவுண்டரில் ரொக்கம் வாங்குவதில்லை, வெளிநாட்டில் வேலை செய்யும் கார்டு கையில் இருக்கட்டும்.