பக்கத்து வீட்டு நட்பா, தூரத்து நட்பா?

பிசிராந்தையார் பாண்டிய நாட்டுப் புலவர். கோப்பெருஞ்சோழன் உறையூர் அரசன். இருவரும் அதுவரை நேரில் பார்த்ததே இல்லை. சோழன் வடக்கிருந்தபோது, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்தபோது, நண்பர் வருவார் என்று நம்பி அவருக்கும் இடம் ஒதுக்கச் சொன்னான். அவரும் வந்து சேர்ந்தார்.

கபிலர் நட்பு வேறு மாதிரி. பறம்பு மலையில் பாரியோடு கூடவே இருந்து பழகியவர். பாரி இறந்ததும் அவன் மகள்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு, மணம் முடித்து வைக்க மன்னர்களிடம் போய் நின்றார்.

எனக்கும் இரண்டு வகையிலும் நண்பர்கள் உண்டு. துபாயில் இருப்பவனிடம் மனசுவிட்டுப் பேசலாம். வேலை போன செய்தியை முதலில் அவனிடம்தான் சொன்னேன். அரை மணி நேரம் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "சரிடா, சாப்பிட்டியா?" என்றான். அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

ஆனால் அம்மா நடுராத்திரியில் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது, கீழ்வீட்டு அண்ணன்தான் ஓடி வந்தார். லுங்கியோடு, இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. நான் அம்மாவைத் தூக்குவதற்குள் தெருமுனையில் ஆட்டோ பிடித்து நிறுத்தியிருந்தார். அப்புறம் விடியும்வரை மருத்துவமனை பெஞ்சில் என்கூடவே உட்கார்ந்திருந்தார். அவரோடு நான் பெரிதாக எதுவும் பேசியதில்லை. தண்ணீர் லாரி, கரண்ட் பில், அவ்வளவுதான்.

மனசுக்கு அவன். ஆனால் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், தயங்காமல் அண்ணனைத்தான் சொல்வேன். எங்கள் வீட்டு மாற்றுச்சாவி அவர் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது.