ஆம்ப்ளிஃபையருக்கு 200 டாலர் பிளக் பாயிண்டா, சாதா 16 ஆம்ப்ஸ் சாக்கெட்டா?

ஆடியோ பைத்தியம் கொஞ்சம் முத்திப்போனா எல்லாரும் வந்து நிக்கிற இடம் இது. ஸ்பீக்கர் மாத்தியாச்சு, ஆம்ப் மாத்தியாச்சு, கேபிளும் மாத்தியாச்சு, மிச்சம் சுவத்துல இருக்கிற பிளக் பாயிண்ட்தான். அதையும் மாத்துனா பேஸ் இறுகும், பின்னணி அமைதியாகும்னு சொல்றவங்க நிறைய பேர். வழி நாலு இருக்கு: ஆடியோஃபைல் சாக்கெட், அமெரிக்க ஹாஸ்பிட்டல் கிரேடு, நம்ம ஊரு ஐஎஸ்ஐ 16 ஆம்ப்ஸ், இல்லன்னா மெயின் போர்டுல இருந்து தனி லைன்.

முதல்ல காஸ்ட்லியானது. ஃபுருடெக்ங்கிற ஜப்பான் கம்பெனியோட ஜிடிஎக்ஸ்-டி என்சிஎஃப் ரோடியம் சாக்கெட் ஒண்ணு 200 டாலருக்கு மேல. ரோடியம் பூச்சுன்னா ஏதோ கரண்ட் பிச்சுக்கிட்டு ஓடும்னு நினைப்போம், ஆனா ரோடியத்தோட ரெசிஸ்டிவிட்டி, அதாவது கரண்டைத் தடுக்கிற குணம், செம்பை விட ரெண்டரை மடங்கு. பூச்சு ரொம்ப மெல்லிசுங்கிறதால அது பாதிக்காது, அது வேற விஷயம். ரோடியத்தோட நிஜமான பலம் தேயாது, கறுக்காது, அவ்வளவுதான். வேலைப்பாடு பிரமாதம், கையில வாங்கிப் பாத்தா ஆசை வரும், மறுக்கல.

ஹாஸ்பிட்டல் கிரேடுல பச்சைப் புள்ளி வச்சிருப்பாங்க. யாராவது வயர்ல கால் தடுக்கினாலும் மானிட்டர் பிளக் சட்டுனு கழண்டுடக்கூடாதுன்னு, பிடிமானத்துக்கும் முரட்டு உபயோகத்துக்கும் டெஸ்ட் பண்ணது, கரண்டை சுத்தம் பண்ற எதுவும் உள்ள கிடையாது. விலைக்கு நல்ல சாமான், ஆனா அமெரிக்காவுல இருக்கிறவங்களுக்கு. ஏன்னா இந்த ரெண்டு ரகமும் தட்டை பின்னுக்கு, 125 வோல்ட் ரேட்டிங்குக்கு செஞ்சது, நம்ம வீட்டுல வர்றது 230. அடாப்டர் போட்டு ஒட்டுப்போட்டா ஒரு கான்டாக்ட் கூடுதல், ரேட்டிங்கும் போச்சு. இங்க மாட்டவே வேணாம்.

இப்ப கணக்கு. மெயின் போர்டுல இருந்து ஹாலுக்கு 15 மீட்டர் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் வருதுன்னு வைங்க, போக வர 30 மீட்டர், ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.22 ஓம். ஆம்ப் 2 ஆம்பியர் இழுத்தா வயர்லயே 0.44 வோல்ட் போயிடும். இறுக்கமான சாக்கெட்டோட கான்டாக்ட் சில மில்லி ஓம்தான், அதுல போறது 0.01 வோல்ட் பக்கம். பக்கத்து வீட்டு ஏசி ஓடுனாலே லைன் வோல்டேஜ் இதை விட நிறைய ஆடும். அதுக்கப்புறம் ஆம்புக்குள்ள டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபயர், பெரிய கெப்பாசிட்டர் எல்லாம் தாண்டி டிசியா மாறித்தான் பாட்டுக்குப் போகுது.

அப்ப மாத்துனவங்களுக்கு வித்தியாசம் கேட்டது பொய்யா? எல்லாம் பொய்னு சொல்லமாட்டேன். பழைய சாக்கெட்டு லூஸா இருந்திருந்தா, பிளக்கை ஆட்டுனா கரகரன்னு சத்தம் வரும், சூடாகும், புதுசு போட்டா அது நிக்கும். அதுவும் எல்லா நாட்டு பின்னும் நுழையுற யுனிவர்சல் சாக்கெட்டு இருக்கே, எதையும் ஒழுங்கா கவ்வாது. இன்னொண்ணு, மாத்துறதுக்காக எல்லா கேபிளையும் உருவி திருப்பி சொருகுறோம், கறுத்துப்போன ஆர்சிஏ முனை (ஆடியோ கேபிளோட பிளக்) அந்த உரசல்லயே சுத்தமாயிடும், பேரு மட்டும் ரோடியத்துக்கு. அதோட ஆம்பை ஆஃப் பண்ணி, வயரிங் முடிச்சு, ஆன் பண்றதுக்குள்ள காது பழைய சத்தத்தை எப்பவோ மறந்திருக்கும்.

இந்த லூஸ் கான்டாக்ட் பிரச்சினைக்கு ஐஎஸ்ஐ முத்திரை போட்ட 16 ஆம்ப்ஸ் சாக்கெட் போதும், சில நூறு ரூபாய். ஆனா உங்க பிளக் 6 ஆம்ப்ஸா 16-ஆன்னு பாத்து அதுக்கேத்ததா வாங்குங்க.

நிஜமா காதுல விழுற தொல்லை எல்லாம் வேற இடத்துல இருக்கு. சப் ஊஃபர்ல ம்ம்ம்னு 50 ஹெர்ட்ஸ் உறுமல் வந்தா அது பெரும்பாலும் கிரவுண்ட் லூப், அதாவது ரெண்டு வழியில எர்த் ஆகி அதுக்குள்ள கரண்ட் சுத்துறது. கேபிள் டிவி ஒயரை செட்டாப் பாக்ஸ்ல இருந்து கழட்டிப் பாருங்க, நின்னா கண்டுபிடிச்சாச்சு. அதுக்காக எர்த் பின்னை வெட்டுற வேலை மட்டும் வேண்டாம், உயிர் போற சமாச்சாரம். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல ஓடுறப்ப ஃபேனே உறுமும், ஆம்ப் டிரான்ஸ்ஃபார்மர் சும்மா இருக்குமா? சுழட்டுற எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர் பக்கத்துல இருந்தா அதுவும் கொர்ருனு சேத்துவிடும், ஸ்டெப் டைப் கெப்பாசிட்டர் ரெகுலேட்டர்ல அந்தத் தொல்லை கம்மி.

அதனால என் ஓட்டு தனி லைனுக்குத்தான், அதுவும் பெரிய பவர் ஆம்ப் இருக்கிறவங்களுக்கும், வீடு கட்டிக்கிட்டோ ரீவயரிங் பண்ணிக்கிட்டோ இருக்கிறவங்களுக்கும் மட்டும், சும்மா இருக்கிற சுவத்தை இதுக்காக உடைக்காதீங்க. எலெக்ட்ரீஷியன்கிட்ட 4 ஸ்கொயர் வயர், தனி எம்சிபி (லோடு கூடினா தானா ட்ரிப் ஆகுற சுவிட்ச்), எர்த் வயர் விடாம இழுக்கணும்னு சொல்லிடுங்க. வீட்டுக்கு த்ரீ ஃபேஸ் இருந்தா ஆம்ப், டிவி, கம்ப்யூட்டர், சப் எல்லாத்தையும் இந்த ஒரே லைன்லயே போடுங்க, ஒண்ணை ஹால் போர்டுலயும் இன்னொண்ணை ரூம் போர்டுலயும் சொருகுனா போன உறுமல் திரும்ப வந்து உக்காந்துக்கும்.