சேஃப்டிகல்ச்சர் செயலி: பாதுகாப்பு ஆய்வுக்கு எந்த அளவுக்கு உதவும்?

பாதுகாப்பு ஆய்வைப் போனிலேயே பதிவு செய்ய உதவும், ஐஆடிட்டர் என்ற பெயரில் பலருக்கும் பழக்கமான செயலிதான் இப்போது சேஃப்டிகல்ச்சர். காகித செக்லிஸ்டோடு சுற்றிவிட்டு, மாலையில் உட்கார்ந்து அறிக்கை தட்டச்சு செய்யும் வேலை இதனால் மிச்சம். சிக்னல் இல்லாத அடித்தளத்திலும் பதிவு செய்யலாம். டெம்ப்ளேட்டை, அதாவது ஆய்வுக்கான கேள்விப் பட்டியலை மட்டும் முன்கூட்டியே போனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

செயலியின் பொது நூலகத்தில் கிடைக்கும் டெம்ப்ளேட்டுகளை அப்படியே பயன்படுத்துவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. "இயந்திரக் கவசம் சரியாக உள்ளதா?" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கேள்வியை அளவோடு எழுத வேண்டும். பெஞ்ச் கிரைண்டர் (மேசையில் பொருத்திய சாணைக்கல் இயந்திரம்) என்றால், கல்லுக்கும் வேலைத்துண்டைத் தாங்கும் வொர்க் ரெஸ்டுக்கும் இடைவெளி 3 மி.மீ.க்குள் இருக்கிறதா, மேலே உள்ள தடுப்புத் தகடான டங் கார்டு கல்லிலிருந்து 6 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். கல் தேயத் தேய இடைவெளி அகலும். அதற்குள் வேலைத்துண்டு சிக்கினால் கல்லே உடைந்து தெறிக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்து, கல் முழுதாக நின்ற பிறகே அளக்க வேண்டும் என்பதையும் அதே கேள்விக்குக் கீழே குறிப்பாகச் சேருங்கள்.

'இல்லை' என்று பதில் வந்தால் படம் கட்டாயம் என அமைக்கும் வசதி அருமை. தூரத்திலிருந்து இடம் தெரிய ஒன்று, கிட்டத்தில் குறை தெரிய ஒன்று என இரண்டு படம் எடுங்கள். "வயர் சரியில்லை" என்ற குறிப்பை வைத்து எலக்ட்ரீஷியன் எங்கே போய்த் தேடுவார்? "2ஆம் ஷெட், ட்ரில்லிங் மெஷின் பின்புறம், கேபிள் உறை கிழிந்து செம்பு தெரிகிறது" என்று எழுதினால் நேரே போய் நிற்பார். இப்படி உயிருக்கு ஆபத்தானதைக் கண்டால் போனை உள்ளே வைத்துவிட்டு, முதலில் இணைப்பைத் துண்டித்துப் பூட்டி, எச்சரிக்கை அட்டை மாட்ட வைக்க வேண்டும். பதிவெல்லாம் அப்புறம்.

ஆய்வுக்குச் செயலி போடும் மதிப்பெண் சதவீதத்தை நம்பவே வேண்டாம். சம மதிப்புள்ள 50 கேள்விகளில் 49 சரியென்றால் 98 சதவீதம். மிச்சமிருக்கும் ஒன்று அந்தக் கிழிந்த கேபிளாக இருக்கலாம்.

செயலியின் உண்மையான பலம் 'ஆக்‌ஷன்' பகுதி. ஒவ்வொரு குறைக்கும் பொறுப்பாளர், கெடு, அவசர நிலை மூன்றையும் குறிக்கலாம். "பராமரிப்புத் துறை" என்று பொதுவாக எழுதாமல் ஒரே ஆளின் பெயரைப் போடுங்கள். சரிசெய்த படம் வராமல், நேரில் பார்க்காமல் எதையும் முடித்ததாகக் குறிக்காதீர்கள். மூன்று மாதம் தொடர்ந்து அதே வொர்க் ரெஸ்ட் இடைவெளி வந்தால், நான்காவது முறையும் திருகை முடுக்கச் சொல்வதில் பயனில்லை. கல் மாற்றும்போதும் தேயும்போதும் அதைச் சரிபார்ப்பது யார் வேலை என்று பராமரிப்பு அட்டவணையில் பாருங்கள்.