தோட்டாப் பெட்டியில் முழு லேபிளா, லாட் எண்ணும் நோட்டுமா?

கையால் நிரப்பிய தோட்டாக்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே எவ்வளவு வெடிமருந்து இருக்கிறது என்பதை வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் விவரத்தைப் பெட்டி மேலேயே எழுதுவதா, தனி நோட்டில் எழுதுவதா என்ற கேள்வி முக்கியம்.

முதல் வழியில், எல்லாவற்றையும் பெட்டி மேலேயே எழுதி ஒட்டுகிறோம்: தோட்டா வகை, குண்டின் எடை, மருந்தின் பெயரும் அளவும், பிரைமர் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு பகுதி), மொத்த நீளம், தேதி, கேஸ் (தோட்டாவின் உலோகக் கூடு) எத்தனை முறை சுடப்பட்டது. சுடும் இடத்தில் பெட்டியைத் திறக்கும்போதே விவரம் கண்ணில் படும். மருந்தை கிரெயினில் அளக்கிறோம்; ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்தான். அந்தச் சிறிய எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பவே கூடாது. ஆனால் ஸ்டிக்கர் உரியும், எண்ணெய் பட்டால் எழுத்து அழியும்.

நோட்டு முறையில் பெட்டிக்கு ஒரு லாட் எண் (ஒரே மாதிரி நிரப்பிய தொகுதிக்கான எண்) மட்டும். மற்றதெல்லாம் நோட்டில், சுட்ட பிறகு கண்ட முடிவோடு சேர்த்து. புதிய அளவுகளைச் சோதிப்பவருக்கு இதுவே பொக்கிஷம். நோட்டு தொலைந்தால் அந்தப் பெட்டிகள் அநாதை; குண்டைக் கழற்றிப் பிரிப்பதுதான் சரி.

என் தேர்வு முதல் வழி. லாட் எண்ணையும் அதே லேபிளில் சேர்த்துவிடுவேன். காரணம், வகை மாறினால் ஆபத்து: .300 பிளாக்அவுட் என்ற வகைத் தோட்டா, .223 வகைத் தோட்டாவுக்கான துப்பாக்கிக்குள் நுழைந்துவிடக்கூடும். சுட்டால் துப்பாக்கியே வெடிக்கலாம். அந்த இரண்டு வகைத் தோட்டாக்களையும் வேறு வேறு நிறப் பெட்டிகளில், வேறு அலமாரிகளில் வையுங்கள்.